கரையாத கட்டி

குளோமஸ் ஜுகுலாரே மண்டையோட்டின் அடியில், கழுத்துச் சிரை வெளியேறும் துளையில் முளைக்கும் கட்டி. பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை, மெல்லத்தான் வளரும். ஆனால் அது உட்காரும் இடம் பொல்லாதது. 9, 10, 11ஆம் மூளை நரம்புகள் அதே துளை வழியாகவும், நாக்கை அசைக்கும் 12ஆம் நரம்பு பக்கத்திலேயும் இறங்குகின்றன. அறுவையில் இவை பறிபோனால் கட்டி போன பிறகும் கஞ்சி புரையேறும், குரல் கம்மிவிடும். ரத்தம் நிறைந்த கட்டி என்பதால் பயாப்சிக்கே கை தயங்கும். எம்.ஆர்.ஐ.யில் உப்பும் மிளகும் தூவியது போன்ற தோற்றமும், சி.டி.யில் எலும்பு பூச்சி அரித்தது போலிருப்பதுமே பெரும்பாலும் போதும்.

அதனால் அறுவைக்குப் பதிலாகக் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. அதன் வழக்கமான அளவு 45 முதல் 50.4 கிரே. தினம் 1.8 என 25 முதல் 28 அமர்வுகளில் முடியும். தொண்டைப் புற்றுக்கு 66, 70 என்று கொடுத்துப் பழகிய துறைகளில் இதைச் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். அது பெரும் பிழை. இந்த நோயாளி இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழப்போகிறவர். மிஞ்சியிருக்கும் செவித்திறனோடுதான் வாழ வேண்டும்.

இங்கே கையைச் சோதிப்பது உட்செவியின் சுருளான காக்ளியா. அடிப்பாகத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 3 மில்லிமீட்டர் இடைவெளியில் சி.டி. எடுத்தால் இரண்டு மூன்று படங்களில் வந்து மறைந்துவிடும். 1 மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். எலும்புக்கான விண்டோவைத் திறந்து, உட்செவிக் குழாயை முதலில் கண்டுபிடித்து, அதற்கு முன்புறம் சுருளைத் தேட வேண்டும். மென்திசு விண்டோவில் வரைந்தால் எலும்பின் வெண்மையில் அது காணாமல் போகும். இப்போது மென்பொருளே உறுப்புகளை வரைந்து தருகிறது. தாடையையும் தண்டுவடத்தையும் நன்றாகவே வரைகிறது. காக்ளியாவில் சறுக்கும்போது, விண்டோவை மாற்றிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வட்டம் 4 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், 'சராசரி 45 கிரேக்குள்' என்று பிளானில் அச்சாகும் எண் வேறேதோ எலும்பின் கணக்கு. அந்தத் தாளை நம்பி ஒரு காதை ஒப்படைப்பது தொழிலுக்கு அழகல்ல.

தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கிலும் இதே அவசரம். வெந்நீரில் இளகிய தெர்மோபிளாஸ்டிக் தகடு முகத்தில் படிந்து, முழுதும் ஆறி இறுகும்வரை மோவாயிலும் மூக்குத் தண்டிலும் விரல் எடுக்கக் கூடாது. தளர்ந்த மாஸ்க்கில் கட்டியைச் சுற்றி 3 மில்லிமீட்டர் எல்லை வைப்பதில் பொருளில்லை.

சிகிச்சை முடிந்தபின் கட்டி கரைந்துபோகாது. ரத்தக் குழாய்ச் சுவர்கள் தடிக்கும், நார்த்திசு பெருகும், வளர்ச்சி நிற்கும். படத்தில் நிழல் அங்கேயே இருக்கும். கதிர்வீச்சு பெற்ற கட்டிகளில் உயிருள்ள செல்களைக் கண்டவர்கள் ஒரு காலத்தில் இதைப் பயனற்றதென்றே தள்ளினார்கள். அந்த வாதம் இன்றும் அறுவைக் கூட்டங்களில் தலைகாட்டுவதுதான் வருத்தம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளராமல் நிற்கிறது. காதுக்குள் நாடியோடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல் பலருக்குத் தணிகிறது.

கதிர்வீச்சு சிலவேளை தேவைப்படும், புற்றல்லாத இன்னொரு கட்டி, பதின்வயது ஆண்களின் மூக்குப் பின்புறத்தில் வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா. அதற்கு அறுவையே முதல் வழி. மூளைப் பக்கம் ஏறி, எடுக்க முடியாமல் நிற்பவற்றுக்கு 30 முதல் 36 கிரே கொடுப்பதுண்டு. வளரும் முக எலும்புக்கும் கண் வில்லைக்கும் நேரக்கூடிய கேட்டையும், பிற்காலத்தில் வரக்கூடிய புற்றையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரு நோய்க்கும் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு பல ஆண்டுகள் தொடரும். குளோமஸுக்கு அத்துடன் செவித்திறன் சோதனையும் சேரும். புதிய படத்தைப் போன ஆண்டுப் படத்தோடு மட்டுமல்ல, சிகிச்சைக்கு முந்தைய முதல் படத்தோடும் ஒப்பிட வேண்டும். மெல்ல வளரும் கட்டி ஓராண்டு இடைவெளியில் பிடிபடாது.