அமானிதமாக வந்த மீன்கள்

சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த வண்ணமீன்கள் பெருகவே, வீட்டின் பின்னறையில் மரத்தட்டு ஒன்றை அமைத்தோம். குறுக்குச் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் திருகாணிகளால் மட்டுமே பிணைத்திருந்தோம். ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது தரையெங்கும் தண்ணீர். சட்டம் சரிந்து, தொட்டி உடைந்து, ஏழு மீன்கள் இறந்து கிடந்தன. "நாமதானே வாப்பா இதுங்களக் கொண்டு வந்தோம்?" என்றாள் மகள். எங்களிடம் விடையில்லை.

எடையை அன்றுதான் கணக்கிட்டோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 56 லிட்டர். அதாவது 56 கிலோ. ஆறு தொட்டிகளுக்கு நீர் மட்டுமே 340 கிலோவை நெருங்கும். கண்ணாடியும் மணலும் தனி.

இம்முறை ஒவ்வொரு சட்டமும் கால்கட்டையின் மேலேயே அமரும்படி செய்தோம். பாரம் திருகாணியில் தொங்காமல் கால்வழியே தரைக்கு இறங்கியது. பின்புறம் சாய்வுக் கட்டை அடித்து ஆட்டத்தை நிறுத்தினோம். ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, தொட்டிகளின் அடியில் தெர்மகோல் விரித்தோம். மூன்று நாட்கள் வெறும் நீர் நிரப்பிக் கவனித்த பின்னரே மீன்களை விட்டோம். அல்ஹம்துலில்லாஹ், தட்டு இன்றும் அசையவில்லை.

வாயில்லா உயிர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. ஆசையோடு வாங்கி வருமுன், அவை வாழப்போகும் இடத்தின் உறுதியைச் சோதிப்பதும் நம் கடமையாகும்.