கோட்டைச் சுவரில் என் பெயர்



போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் மலைக்கோட்டைக்குப் போனேன். முட்டி வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். மேலே சுவரெல்லாம் பெயர்கள். ஆணியால் கீறியது, கரியால் எழுதியது, இதயம் வரைந்து அம்பு விட்டது. பேரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இவங்களை யாரும் திட்டலையா தாத்தா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது காம்பஸ் முள்ளால் நானும் அங்கே என் பெயரைக் கீறியிருக்கிறேன். பிறகு வாத்தியாராகி உங்களை அதே மலைக்கு அழைத்துப் போனபோது, அதே காரியத்தைச் செய்த ஒரு பையனை எல்லோர் முன்னாலும் அடித்தேன். என் கதையை மட்டும் சொல்லவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கோட்டையைக் காட்டினேனே தவிர, அடியில் இருந்த பழமையைக் காட்டவில்லை. மலையின் மேற்கே நரசிம்மர், கிழக்கே கார்க்கோடகன் மேல் பள்ளிகொண்ட ரங்கநாதர். ஒரே பாறையில் இரண்டு குடைவரைகள். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடைந்தவை. ரங்கநாதர் குடைவரைக்கு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று பெயர். அங்குள்ள கிரந்தக் கல்வெட்டே அதைச் சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அதியமானின் அதே குடிப்பெயர். நெல்லிக்கனிக் கதையை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தப் பெயர் நம் ஊர்ப் பாறையிலேயே இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன், நான் கீறியதையும் சேர்த்து. "ராஜா மட்டும் எழுதலாமா?" என்று மடக்கினான்.

"அவர் கோயிலைக் குடைஞ்சு அதுக்குப் பேர் வெச்சார் கண்ணு. நான் யாரோ கட்டின சுவத்துல என் பேரை எழுதினேன்" என்றேன். என் பெயரைத் தேடினான், கிடைக்கவில்லை. அதன் மேல் எத்தனை பெயர்களோ!

அடுத்த முறை குழந்தைகளோடு வரும்போது கிழக்குப் பக்கத்துக்கும் போங்கள். சுவரில் கை வைக்க விடாதீர்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அன்று அடி வாங்கிய தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நீ செய்தது தப்புதான். ஆனால் உன்னை அடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மன்னித்துவிடு. வீட்டுப் பக்கம் வந்தால் சேர்ந்து ஒருநாள் மலைக்குப் போவோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்