எஞ்சின் இருக்குதுங்களா?

காரிமங்கலம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் அடியேன்தான். போன ஜூனில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கிற நேரம் பார்த்து எங்கள் கிழட்டு ஃபோர்க்லிஃப்ட் 'டங்' என்று சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஆயில் மாற்றாமல் ஓட்டிய புண்ணியம் எங்களுடையது!

ஒரு டிரம் கூழ் 200 கிலோவுக்கு மேல். கையால் உருட்டிப் பாருங்கள், தெரியும். "ஒரு வாரம் டைம். எஞ்சின் கிடைக்கலைன்னா எடைக்குப் போட்டுடலாம்" என்றார் முதலாளி. இருபது வருஷமாக அதை ஓட்டும் பெரியவர் என் முகத்தையே பார்த்தார். வண்டி எடைக்குப் போனால் அவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மெக்கானிக் தைரியம் சொன்னார். "மூணு சிலிண்டர் சிம்சன் சார். டிராக்டர்ல வர்ற அதே ஜாதி. ஆனா டிராக்டருக்கு எஞ்சினே முதுகெலும்பு. அதனால ஆயில் சம்ப் வார்ப்பிரும்புல கனமா இருக்கும். நம்ம பழைய சம்ப், மவுண்ட்டிங்கை மாத்திப் போட்டுக்கலாம். சின்ன எஞ்சின் மட்டும் வாங்கிடாதீங்க. பின்னாடி இருக்கிற வெயிட்தான் முன்னாடி சுமையைத் தூக்குது. குறைஞ்சா வண்டி குட்டிக்கரணம்!"

பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் டிரைவர் வளைத்த வளைப்பில் பாதி உயிர் போனது. சேலத்தில் இல்லை. நாமக்கல்லில் எல்லாம் லாரி எஞ்சின். கடைசியாகக் கோவை உக்கடம். ஒரு கடைக்காரர் பளபளவென்று பெயிண்ட் அடித்த எஞ்சினைக் காட்டி, "டாக்டர் ஓட்டினது சார்" என்றார்.

"டாக்டர் எதுக்குய்யா டிராக்டர் ஓட்டினார்?"

பதில் இல்லை.

அடுத்த கடைப் பெரியவர்தான் கேட்டார். "தர்மபுரியா? கிணறு வெட்டுற கம்ப்ரஸர் டிராக்டர் உங்க ஊர்லயே கிடக்குமே தம்பி!"

கிடந்தது. பாலக்கோடு பக்கம், ஒரு புளியமரத்தடியில். பாறையில் துளை போட்டு வெடி வைத்துக் கிணறு வெட்டிய காலத்து வண்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்து போர் போட ஆரம்பித்ததும் இதற்கு வேலை போய்விட்டது.

"எடைக்குக் கேட்டு நாலு பேர் வந்தாங்க, கொடுக்கலைங்க. எத்தனை கிணத்துல தண்ணி காட்டின எஞ்சின்! ஓட்டறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க" என்றார் சொந்தக்காரர்.

பேட்டரி இரவல் வாங்கி ஸ்டார்ட் செய்தோம். ரெண்டு இருமல், கொஞ்சம் கரும்புகை, அப்புறம் நிதானமான தடதடப்பு. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம்!

ஆறாம் நாள் எங்கள் பெரியவர் நாலு டிரம்மை அலுங்காமல் தூக்கிக் காட்டினார். முதலாளி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் பயணப்படி பில்லைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார்.

"ஏன்யா, பாலக்கோட்டுல இருக்கிற எஞ்சினுக்கு எதுக்குய்யா கோயமுத்தூர் போனே?"