ஆயில் குடிச்ச கார்

கார் வாங்கி ரெண்டு வருசம் ஆகலீங்க. வாரண்டி முடிய இன்னும் மூணு மாசந்தான். சந்தைக்குக் கெளம்பறப்போ டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தா நுனியில மட்டும் ஈரம். தரையில சொட்டு ஒழுகல் இல்லை. ஆனா மேடு ஏறும்போது மிதிச்சா பின்னால நீலப் புகை.

சர்வீஸ் சென்டர்ல "இதெல்லாம் நார்மல் சார்"னு ஒரு லிட்டர் ஊத்தி பில்லை நீட்டுனாங்க. அடுத்த மாசமும் அதே கதை. அப்பறம்தான், அம்மா பால் கணக்கு எழுதற நோட்டோட கடைசிப் பக்கத்துல நானும் எழுத ஆரம்பிச்சேன்: தேதி, கிலோமீட்டர், ஊத்துன ஆயில். சமதரையில நிறுத்தி, இன்ஜின் அணைச்சு பத்து நிமிசம் கழிச்சு எடுத்த அளவு. (சாஞ்ச தரையில பாத்தா டிப்ஸ்டிக் பொய் சொல்லும்ங்க.)

நோட்டைக் காட்டுனதும் பேச்சு மாறிடுச்சு. மேல்கோடு வரைக்கும் நிரப்பி, ஆயில் மூடிக்கும் அடி போல்ட்டுக்கும் சீல் வச்சு, 1000 கிலோமீட்டர் ஓட்டிட்டு வரச் சொன்னாங்க. 900 மில்லி காணோம். பிரிச்சுப் பாத்தா பிஸ்டன் ரிங் ஒட்டிப்போய் கெடந்துச்சு. வாரண்டியிலயே மாத்துனாங்க. கைக்காசுன்னா ஒரு போகத்து மஞ்சள் போயிருக்கும். பதினெட்டு நாள் தக்காளிப் பெட்டியெல்லாம் பஸ்ல போனதோட சரி.

அப்பாருக்குத்தான் சிரிப்பு. "கறவை மாட்டுக்குக்கூட நீ இப்படிக் கணக்கு வச்சதில்லையேடா"ங்கறாரு.