ஊதா மேட்டின் வளைபாதையில்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், இங்கிலாந்தின் வட யார்க்ஷயர் மேடுகளைக் கண்டிருந்தால் சற்றே திகைத்திருப்பர். மலை என்பதற்கு உயரம் போதாது. அங்குள்ள மிக உயர்ந்த முடியே 454 மீட்டர்தான். காடு என்பதற்கு மரங்கள் இல்லை. பாலை என்பதற்கோ, கால் வைத்த இடமெல்லாம் நீர் கசிகிறது! ஆங்கிலேயர் இதனை 'மூர்' என்பர். முழங்கால் உயரத்திற்குமேல் வளராத 'ஹெதர்' என்னும் குறுஞ்செடி மைல் கணக்கில் மூடிக் கிடக்கும் மேட்டுவெளி அது. ஆண்டின் பெரும்பகுதி பழுப்பாய்க் கிடந்து, ஆகஸ்டில் ஒரேயடியாக ஊதா நிறம் பூண்டு விடுகிறது. நம் நீலகிரிக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும். இச்செடி ஆண்டுதோறும் விருந்து வைக்கிறது.

அவ்விருந்தைக் காண நாம் சென்றது மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில். மிடில்ஸ்பரோ நகரில் மருத்துவமனைப் பணியில் இருக்கும் தங்கையின் கணவர்தாம் ஓட்டியவர். வண்டியோ 'ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர்'. இந்தப் பெயரின் பயணம் சுவையானது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம் அது. 1955-இல் சென்னையில் கூட்டு முயற்சியாகக் கிளை தொடங்கிற்று. பின்னர்த் தாய்மரம் பட்டுப்போயிற்று, கிளை தழைத்தது. இன்று சென்னைப் புறத்தே செய்த வண்டிகள் கப்பலேறி, பிறந்த நாட்டுக்கே திரும்பி வருகின்றன. "நாம் இருவரும் ஒரே ஊர்ச் சரக்கு மச்சான்!" என்று மாப்பிள்ளை வண்டியின் எண்ணெய்த் தொட்டியைத் தட்டிச் சிரித்தார்.

ஸ்டோக்ஸ்லி என்ற சிற்றூரைக் கடந்து தெற்கே திரும்பினால் ஹெல்ம்ஸ்லி வரை ஏறத்தாழ 20 மைல் சாலை. கிளே பேங்க் ஏற்றம், பில்ஸ்டேல் பள்ளத்தாக்கு, மீண்டும் ஏற்றம் என்று அது நெளிந்து செல்கிறது. காரின் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்போர்க்கு இயற்கை ஒரு படம். இருசக்கர வண்டியில் செல்வோர்க்கோ அது உடம்பில் வந்து படுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது குளிர் முகத்தில் அடிக்கும்; மேட்டில் ஏறியதும் வெயிலும் ஹெதர்ப் பூவின் தேன் மணமும் தலைக்கவசத்துக்குள் புகும். வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமாயின் இடக்கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டுமாம். வண்டி அப்பக்கம் சாய்ந்து தானே திரும்பிவிடும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினும் உண்மை அதுவே. பின்னிருப்பவரும் கூடவே சாயவேண்டும். அஞ்சி எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் ஓட்டுபவர்க்குத் தொல்லை. ஐம்பதைக் கடந்த நம் முதுகுக்கு இந்தப் பாடம் எளிதாயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஹெல்ம்ஸ்லிச் சந்தைச் சதுக்கம் முழுதும் மோட்டார் சைக்கிள்கள். ஓட்டி வந்தோரில் பலர் நரைத்த தலையினர். தேநீர்க் கோப்பையும் கையுமாய் ஒருவர் வண்டியை மற்றவர் நலம் விசாரித்துக் கொண்டிருந்தனர். ஆனால், நமக்கு வேறொரு பொறுப்பும் இருந்தது. தங்கை முந்தின இரவு அடுப்படியில் மெல்லச் சொல்லியிருந்தாள்: "காக்கா, நீங்கள் சொன்னால் கேட்பார், அந்த வண்டியை விற்கச் சொல்லுங்கள்." அவள் அச்சத்தில் நியாயம் உண்டு. பிரிட்டனின் சாலைப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. சாலையில் உயிரிழப்போரிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அவற்றில் செல்பவர். அழகிய நாட்டுப்புறச் சாலைகள்தாம் பலரைக் கொள்கின்றன. அங்கே ஒன்பது வயது மகள் ஒருத்தி வீட்டு வாசலில் தந்தையின் வண்டி ஓசைக்காகக் காத்திருக்கிறாள்.

ஹட்டன்-லே-ஹோலைத் தாண்டியதும் பிளேக்கி மேட்டுச் சாலை. இருபுறமும் வேலி இல்லை. மேற்கே ஃபார்ண்டேல், கிழக்கே ரோஸ்டேல் ஆகிய இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, வானத்தின் விளிம்பில் ஓடுவது போன்ற பாதை. ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கின்றன. தாய் ஒரு புறமும் குட்டி மறுபுறமும் நின்றால் வண்டி தவழ வேண்டும். குட்டி எக்கணமும் தாயிடம் ஓடிவரும். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் அவ்வாறே தவழ்ந்தார். நாம் அதனைக் குறித்துக்கொண்டோம்.

ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, குடுவைத் தேநீரைப் பகிர்ந்துகொண்டோம். கண்ணுக்கெட்டிய வரை ஊதா. மனிதன் கைபடாத இயற்கை என்று வருணிக்க நா துடித்தது. ஆனால், உண்மை வேறு. இம்மேடுகளில் ஒருகாலத்தில் மரங்கள் இருந்தன. கரிநிலத்தில் புதைந்த மகரந்தமே அதற்குச் சாட்சி. ஆதி மனிதர் அவற்றை அழித்தனர். ஆடுகள் மீண்டும் முளைக்க விடவில்லை. கீழே ரோஸ்டேலில் இரும்புத்தாது வெட்டினர்; அதனை ஏற்றிச்செல்ல 1861-இல் இந்த மேட்டின்மேலேயே இருப்புப்பாதை போட்டு, 1929-இல் மூடினர். தாது சுட்ட சூளைகளின் கல் வளைவுகள் இன்றும் சரிவில் நிற்கின்றன. ஹெதர் இத்துணை அடர்ந்து பூப்பதற்கும் காரணம் உண்டு. ஆகஸ்டு 12 முதல் செல்வர் சுட்டு மகிழும் 'குரௌஸ்' என்னும் பறவைக்கு இளந்தளிர் வேண்டும் என்பதற்காக, குளிர்காலத்தில் முதிர்ந்த செடிகளைப் பகுதி பகுதியாகக் கொளுத்துகின்றனர். கீழிருக்கும் கரிநிலம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரியைச் சேமித்து வைத்திருப்பது. அது தீப்பற்றினால் மண்ணே எரியும். ஆழமான கரிநிலத்தின்மேல் தீவைப்பதை 2021 முதல் சட்டம் கட்டுப்படுத்தியுள்ளது. 2025 ஆகஸ்டில் இதே மேடுகளின் கிழக்கே லாங்டேல் பகுதி பற்றி எரிந்தபோது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிபொருள்கள் தரைக்குள்ளிருந்து வெடித்தனவாம்! அழகு எங்கும் இலவசமாய்க் கிடைப்பதில்லை போலும்.

"மச்சான், தங்கச்சி உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும்," என்றார் மாப்பிள்ளை, பார்வையைப் பள்ளத்தாக்கிலிருந்து எடுக்காமலே. நாம் கணக்கைச் சொன்னோம், குழந்தையைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. "வாரத்தில் ஐந்து நாள் சன்னல் இல்லாத அறையில் இருக்கிறேன். ஆறாவது நாள் இங்கு வந்தால்தான் ஏழாவது நாள் வீட்டில் சிரிக்க முடிகிறது. தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் நான் என்றுமே போனதில்லை. அதையும் அவளிடம் சொல்லுங்கள்." ஒரு பெண்ணின் அச்சமும் ஓர் ஆணின் மூச்சும் எதிரெதிர்த் தட்டில் நிற்கையில் தராசைப் பிடிக்க நமக்குக் கைவரவில்லை. இரண்டையும் உள்ளபடி எடுத்துச் சென்று அவளிடம் வைப்பதென்று முடிவு செய்தோம்.

மேற்கே முகில் கறுத்தது. ரால்ஃப் சிலுவை என்னும் பழைய கற்கம்பத்தருகே முதல் தூறல் விழுந்தது. சாலை கண்ணாடியாய் மின்னியது. காஸில்டனுக்கு இறங்கும் சரிவில், கால்நடை தாண்டாதிருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள் நனைந்து கிடந்தன. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சற்றும் சாய்க்காமல் நேராக அவற்றின் மேல் ஏற்றினார். நாமும் மூச்சடக்கி நிமிர்ந்தே அமர்ந்திருந்தோம்.