களத்து வெய்யிலும் கல் உப்பும்

சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மல்லூரைத் தாண்டியதும் குச்சிக்கிழங்குக் காடுகள். அவற்றின் நடுவே வெள்ளை வேட்டிகளை விரித்தாற்போல் கண்ணைப் பறிக்கும் களங்கள். அடிக்கிற வெய்யிலில் பனியாவது, மூடுவதாவது! ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்கள் அவை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி, இத்தகைய களங்களில்தான் காய்கிறது.

பங்குனி மாதத்து உச்சிவேளையில் அப்படி ஒரு களத்துக்குப் போயிருந்தேன். ஈர மாவைப் பரப்பிக் கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலைக்கு வந்து நாலே நாள்தான் ஆகிறதாம்.

"காலையிலேர்ந்து சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சேனுங்க அம்மாயி, அப்படியும் குரக்கு இழுக்குது" என்றான்.

பக்கத்திலிருந்த கிழவி அவனை நிழலுக்கு அழைத்துச் சென்று, உப்புப் போட்ட கம்பங்கூழும் மோரும் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வேர்வை கரிக்குமில்லீங்களா? போன உப்பு திரும்ப வர வேண்டாமுங்களா?" என்றாள்.

நான் அசந்து போனேன். 1923-இல் நெவில் மாஸ் என்ற ஆராய்ச்சியாளர், இங்கிலாந்தின் அனல் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் தசை இழுத்துத் துடித்த தொழிலாளர்களைப் பார்த்துச் சொன்னதும் இதுவேதான். கடும் வெய்யிலில் பாடுபடுகிறவருக்கு மணிக்கு 1 லிட்டர் வியர்வைகூடப் போகலாம். அதோடு உப்பும், கொஞ்சம் பொட்டாசியமும் மெக்னீஷியமும் போகின்றன. வெறும் தண்ணீரையே குடித்துக் கொண்டிருந்தால், உடம்பில் மிஞ்சிய உப்பும் நீர்த்துப் போகிறது. வெய்யிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். பழகிய பிறகே அது உப்பைச் சிக்கனம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. புதியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வேடிக்கையைக் கேளுங்கள்: ஜவ்வரிசி என்பது பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. அதைக் காயவைக்கிறவர்களைக் காப்பாற்றுவதோ கம்பின் மெக்னீஷியமும் மோரின் பொட்டாசியமும் கல் உப்பும்!

ஆனால், விசிறியடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நேயர்கள் உப்பு ஜாடியை நெருங்க வேண்டாம். நாளைக்கு 5 கிராமுக்குள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெய்யிலில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ கூழ் கொடுத்துக் கொண்டிராமல், உடம்பை நனைத்துக் குளிர்வித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரை மணியில் பையன் எழுந்தான். "வெய்யில் தாழட்டும், கண்ணு" என்று கிழவி அவனை மறுபடி உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கும்போதெல்லாம், அந்த இனிப்புக்குப் பின்னால் எனக்குக் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது.