பீகான் அணையட்டும்

குமணன்சாவடிக்கு விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் வேன் வந்துவிடுகிறது. காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போகும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் காங்கிரீட் தளத்தில் காண்ட்ராக்ட் வேலை. சக்கரம் உருளாமல் தடுப்புக்கட்டை வைப்பது, மூட்டை இறக்குவது, ஏணி தள்ளுவது, பயணிகளை வரிசையாக பஸ்ஸுக்குக் கூட்டிப்போவது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

தளத்துக்குள் போய் நிற்க எனக்கு அனுமதி கிடையாது. தூத்துக்குடியிலிருந்து ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானத்தில் வந்திறங்கிய பயணியாகத்தான் இவர்கள் வேலையைக் கிட்டத்தில் பார்த்தேன். மற்றதெல்லாம் பூந்தமல்லி டிரங்க் ரோட்டு டீக்கடையில், ஷிஃப்ட் முடிந்து வந்த தம்பி ஒருவர் சொன்னது.

“பீகான் அணையுற வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாதுக்கா. முதல் நாளே அதத்தான் சொல்லித் தருவாங்க” என்றார். ஜெட் விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் விட்டுவிட்டு மின்னும் சிவப்பு விளக்குதான் பீகான். அது மின்னுகிறது என்றால் எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப் போகிறது. அணைந்த பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடுப்புக்கட்டை, எஞ்சினையும் இறக்கை நுனியையும் சுற்றி ஆரஞ்சு கூம்புகள், அதற்கப்புறம்தான் ஏணி. உள்ளே நாம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, “இன்னும் ஏன் கதவு திறக்கலை?” என்று முணுமுணுக்கும் சில நிமிடங்களில் கீழே இவ்வளவும் நடக்கிறது.

ஏடிஆரின் சங்கதி வேறு. அதில் பயணிகளின் கதவு வால் பக்கம், இடதுபுறம் இருக்கிறது. எல்லோரும் பின்னால் குவிந்து இறங்கும்போது மூக்கு தூக்கிவிடாமலிருக்க வாலுக்கடியில் ஒரு தாங்கியை நிறுத்துகிறார்கள். பெரிய விமானங்களில் இருப்பதுபோல் தனியாக ஒரு துணை எஞ்சின் இதில் கிடையாது. அதனால் தரையில் நிற்கும்போது வலது எஞ்சினை ஓடவிட்டு, புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து, மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பதுண்டு. சத்தம் காதை அடைக்கும், விசிறியோ அசையாது. ஆறு இதழ்கள், குறுக்களவு ஏறக்குறைய 4 மீட்டர். முழு வேகத்தில் சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. வெறும் காற்று மாதிரி இருக்கும். நின்றிருந்தாலும், கட்டி வைக்காவிட்டால், பலமான காற்றுக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும். “நிக்கிற ஃபேனைத்தான் நாங்க நம்புறதில்ல” என்றார் தம்பி.

அன்று நான் இறங்கியபோது படிக்கட்டின் அடியில் பச்சை ஜாக்கெட் போட்ட பையன் ஒருவர் இறக்கையின் பக்கம் முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். எனக்கு முன்னால் போன பெரியவர் ஒருவர் விமானத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளத் திரும்பினார். செல்போனைப் பார்த்தபடியே பின்னுக்கு ஒவ்வொரு அடியாக வைத்தார். பையன் அவரைத் தொடவில்லை. நகர்ந்து நகர்ந்து அவருக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, “ஐயா, இந்தப் பக்கம் வாங்க ஐயா” என்றார். எஞ்சின் இரைச்சலில் அது அவர் காதில் விழுந்திருக்காது. விரித்த கையைப் பார்த்துத்தான் நடந்தார். போகும்போது பையனை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார். எனக்கு அது மனதை அறுத்தது. நம்மைக் காப்பதற்காக நிறுத்தப்பட்டவருக்கு நம்மேல் எந்த அதிகாரமும் இல்லை. கெஞ்சித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஆபத்து பயணிக்கு மட்டுமா? 2015 டிசம்பர் 16 இரவு மும்பையில், ஹைதராபாத் கிளம்பவிருந்த ஏர் இந்தியா ஏ319 விமானத்தின் எஞ்சின், தரையில் நின்ற தொழில்நுட்ப ஊழியர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டது. தொழில் தெரிந்தவர், அதே தளத்தில் வேலை பார்த்தவர். எஞ்சின் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

2024 ஜனவரியில் அதே மும்பையில், கோவாவிலிருந்து டெல்லி போக வேண்டிய விமானம் மூடுபனியால் திருப்பிவிடப்பட்டபோது, பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படங்கள் நாடெங்கும் பரவின. மணிக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அங்கே எரிபொருள் வண்டியும் மூட்டை டிராக்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். விமானப் பாதுகாப்பு அமைப்பு அந்த விமான நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சரியான அபராதம் என்றே நினைக்கிறேன்.

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டதும் தம்பியின் குரல் மாறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் உலோகப் படிகள் வழுக்கும். தரையில் சிந்திய எண்ணெய் தண்ணீரோடு பரவும். அதில் பாட்டிமார் புடவையை ஒரு கையில், பையை மறு கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்; கைப்பிடியைப் பிடிக்கக் கையே இருக்காது. “பைய என்கிட்ட குடுங்கம்மான்னு சொன்னா, திருடன பாக்கிற மாதிரி பாப்பாங்கக்கா.”

பயணிகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். நிறைய யோசித்து வைத்திருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையை விடாதீர்கள். தொப்பியையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்ளுங்கள். பறந்து போனால் பின்னால் ஓடாதீர்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம். செல்போன் பையில் இருக்கட்டும். இறக்கைக்கு அடியில் குறுக்கு வழி போகாதீர்கள்.

நான் பயணம் செய்த விமானங்களில் பெல்ட் போடுவதையும் ஆக்சிஜன் முகமூடி மாட்டுவதையும் விளக்கமாகச் சொன்னார்கள். இறங்கி நடக்கும் அந்தச் சில அடிகளைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை. தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் பறக்கும் சின்ன விமானங்களில், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கதவு திறக்கும் முன், தம்பி சொன்ன இந்த நான்கு விஷயத்தையும் தமிழில் சொல்ல அரை நிமிடம் போதும். விமான நிறுவனங்கள் நாளைக்கே இதைத் தொடங்கலாம்.